சந்தைக்குக் கிட்ட

சித்திரையும் வைகாசியும் இளவேனில் காலம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சித்திரையை இளவேனில் என்று சொல்லுறதுக்கு ஒரு துணிவு வேணும். ஏப்ரல் முதற் பாதியில் சூரியன் தெற்கிலிருந்து ஊர்ஊராக ஏறி வந்து எங்கட தலைக்கு நேர் மேலே நிற்கும். மத்தியானம் பன்னிரண்டு கழிய நிழல் காலடிக்குள்ள ஒளிச்சிடும். எண்டாலும் வேம்பு பூக்கிறது அப்பதான். காலையில் முற்றம் கூட்டினால் குப்பையோடு குப்பையாக வேப்பம்பூவும் வரும், மாமரத்தில் பிஞ்செல்லாம் காயாகியிருக்கும். ஆனபடியால் இளவேனில் எண்டே வைச்சுக்கொள்ளுவம்.

அந்த இளவேனிலில் ஒரு முழுநாள் திருநெல்வேலிச் சந்தையில் இருக்கிறது என்று நாங்கள் நாலு பேரும் மார்ச் கடைசியில் முடிவெடுத்தோம். பல்கலைக்கழகத்துக்குப் போகவர மூன்று வருசமாக அந்தச் சந்தையைக் கடந்திருக்கிறோம். பலாலி வீதியால் வந்து தின்னவேலிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினாலே வெங்காயத்தாளும் பழுத்த வாழைப்பழமும் வாடின கோவா இலையும் சேர்ந்த ஒரு மணம் வரும். மூக்குக்குப் பழகின மணம். உள்ளே போய் என்ன வாங்கியிருக்கிறோம் என்று யோசித்தால், இரண்டு தரம் இதரை வாழைப்பழம், ஒரு தரம் பீடத்துப் பொங்கலுக்குப் பூசணிக்காய். அவ்வளவுதான்.

எங்கட திட்டம் ஒரு படக்கட்டுரை. அதற்கு ஒரு பட்டியல்கூடப் போட்டோம். அந்தப் பட்டியல் இப்பவும் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கு. 'வயசான கைகள், தராசு, வெயில் விழுகிற இடம், சிரிக்கிற பாட்டி ஒராள்.' வாசிக்க வெக்கமாக இருக்கிறது.

பட்டியல் போட்ட இரவு எங்களில் ஒருத்தி குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் விடிய ஒரு குரல்பதிவு வந்தது. நாற்பது விநாடிதான். "இங்க பாருங்கோ, என்ர அம்மா அங்கதான் கீரை விக்கிறா. நீங்கள் படமெடுக்க வந்தா எப்பிடியும் அம்மாவைக் காண்பியள். அப்ப தெரியவந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதான் முதலே சொல்லிப்போட்டன். வாறதெண்டா வாங்கோ."

மூன்று வருசம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக 'அசைன்மென்ற்' எழுதி, ஒருத்தியின் சுடிதாரை மற்றவள் போட்டுத் திரிஞ்ச கூட்டம் நாங்கள். அம்மா என்ன செய்யிறா என்று யாரோ ஒருநாள் கேட்டிருப்போம். அவள் 'சும்மா, வீட்டிலதான்' என்றோ 'தோட்டம்' என்றோ சொல்லியிருப்பாள். நாங்களும் அதோடு விட்டிருப்போம். மகாபொலப் புலமைப்பரிசில் படிவத்தில் 'சுயதொழில்' என்று எழுதினதாகப் பிறகு சொன்னாள். சுயதொழில் என்பது நல்ல சொல். அதுக்குள்ள எதையும் ஒளிக்கலாம்.

இந்தக் கட்டுரையின் 'நாங்கள்' என்பதில் அவளும் இருக்கிறாள். எழுதினதை வாசித்து இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னாள், வெட்டியாச்சு. ஊரின் பெயரைப் போடவேண்டாம் என்றாள். போடவில்லை. ஏனென்று யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு விளங்கும், மற்ற ஆக்களுக்குக் கொஞ்சம் கீழே விளங்கும்.

வருசப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்திப் போனோம். கணக்குப் பார்த்தால் அது இன்னும் பங்குனிதான், பின்பனிக்காலம். விடிய ஐந்தரைக்கே முதுகு வேர்த்தது.

சந்தை எட்டு மணிக்குத்தான் தொடங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆக்கள் நாங்கள். எட்டு மணிக்கு வருகிறது வாங்குகிற சனம். சந்தையின் பெரிய அலுவல் எல்லாம் அதற்கு முதலே முடிந்துவிடும். நாங்கள் போன நேரம் பட்டா வாகனங்களும் லான்ட் மாஸ்டர்களும் வரிசையாக நின்றன. ஒரு ஐயா சைக்கிள் கரியலில் மூன்று உரபாக் கத்தரிக்காயைக் கட்டி, ஏறி ஓடாமல் உருட்டிக்கொண்டு வந்தார். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் முதல்நாள் பின்னேரம் ஆய்ந்த பயத்தங்காய், பாவற்காய், வெண்டிக்காய், நீர்வேலிப் பக்கத்து வாழைக்குலை. இன்னொரு பக்கம், தம்புள்ளையிலிருந்து இரவிரவாக ஓடிவந்த லொறியிலிருந்து கரட்டும் லீக்ஸும் போஞ்சியும் இறங்கின. இங்கிருந்து முருங்கைக்காயும் வெங்காயமும் வாழைக்குலையும் தெற்குக்குப் போகும். ஒரு சாரதி சிங்களத்தில் திட்ட, சாக்குத் தூக்குகிற தம்பி தமிழில் திருப்பித் திட்ட, இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்லிணக்கம் பற்றிக் கருத்தரங்கு வைக்கிற ஆக்கள் காலமை ஐந்தரைக்கு ஒருக்கா இங்க வந்து பாக்கலாம்.

நிறுக்கிற இடத்தில் நின்றபோது எங்களில் இன்னொருத்தன் கதைக்காமல் போனான். அவன்ர அப்பா தோட்டக்காரர். அவர் போடுகிறது வேறொரு சந்தையில், பெயர் வேண்டாம். குடாநாட்டுச் சந்தைகளில் 'கழிவு' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. விவசாயி கொண்டுவந்து கொடுக்கிற மரக்கறியில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் வியாபாரி காசு கொடுப்பார். போனமுறை அவன்ர அப்பா 120 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனார், 108 கிலோவுக்குத் துண்டு வந்தது. பன்னிரண்டு கிலோ கத்தரிக்காய் காற்றில போச்சு. அதற்கும் தண்ணி இறைச்சது, மருந்தடிச்சது, முள்ளுக்குத்தோட ஆய்ஞ்சது எல்லாம் அவர்தான்.

வியாபாரிகளிடம் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வெயிலில் மரக்கறி நிறை குறையும், அடியில் கிடக்கிறது நசியும், சொத்தை வரும், அந்த நட்டத்தை ஆர் தாறது? சில்லறைக்கு விற்கிற சின்ன வியாபாரிக்கு அது உண்மையான நட்டம்தான், இல்லையென்று சொல்லமாட்டோம். ஆனால் நசியப்போகிற கத்தரிக்காயை நசியமுதலே தோட்டக்காரன்ர கணக்கில் எழுதுகிறது என்ன முறை? அரிசிக் கடையில் பத்துக் கிலோ வாங்கிப்போட்டு 'இதுக்குள்ள கல்லுக் கிடக்கும், ஒன்பதுக்குத்தான் காசு' என்று நாங்கள் சொல்ல ஏலுமா? இதை நிறுத்தவேணும் என்று எத்தனையோ தரம் கூட்டங்களில் கதைச்சாச்சு, பேப்பரிலும் வந்தாச்சு. அவன்ர அப்பா அந்தச் செய்தியை வெட்டிச் சாமிப்படத்துக்குப் பின்னால வைச்சிருக்கிறாராம். கழிவும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

ஆறு மணிக்குப் பிறகு அம்மாவிட்டப் போனோம். ('அன்ரி' என்று கூப்பிட்டோம். 'அன்ரியோ? அம்மா எண்டு சொல்லுங்கோ, எனக்கு விளங்கட்டும்' என்றா.) கூரைக்குக் கீழே மேடைபோட்ட கடைகளில் இல்லை. உள்ளே வருகிற வழிக்கரையில், நிலத்தில், கிழித்து விரித்த உரபாக்கில் இருந்தா. அவவுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆச்சி, அந்தப் பக்கம் புழுக்கொடியலும் பனாட்டும் வைச்சிருந்த ஓர் அக்கா. சந்தைக்குள்ள ஆர் மேடையில், ஆர் நிலத்தில் என்று ஒருக்கா நின்று பாருங்கோ. மேடையில் பெரும்பாலும் ஆம்பிளைகள், டிஜிற்றல் தராசு, மின்விசிறி. நிலத்தில் பெரும்பாலும் பொம்பிளைகள். தராசு தேவையில்லாத சாமான்கள் அவர்களிடம் இருக்கும். கட்டுக்கணக்கு, கூறுக்கணக்கு, எண்ணிக்கைக் கணக்கு. நாங்கள் மூன்று வருசமாகப் பார்த்த சந்தைதான், இந்தக் கோடு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்களும் நிலத்தில் இருந்தபடியால் தெரிந்திருக்கலாம்.

அம்மா எழும்புகிறது விடிய மூன்றரைக்கு. நாலு மணிக்கு அயலில் இருக்கிற தோட்டத்தில் கட்டின கீரையை எண்ணி எடுத்து, நாலைந்து பேராய்ச் சேர்ந்து ஓர் ஓட்டோவில் வருகிறா. முளைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, கிடைத்தால் குறிஞ்சா. முருங்கையிலை வீட்டு வேலியில் முறிக்கிறது, அதற்கு முதல் இல்லை. அந்த நாள் நூறு கட்டு. ஈரச்சாக்கால் மூடி, ஒரு பழைய சோடாப் போத்தலின் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தா. 'தண்ணி கூடினா அழுகும், குறைஞ்சா வாடும். பிள்ளை வளக்கிற மாதிரித்தான்' என்று சொல்லிவிட்டு மகளைப் பார்த்தா. அவள் வேறெங்கோ பார்த்தாள்.

கீரை விற்கிறதில் இவ்வளவு கணக்கு இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. வியாழக்கிழமை நல்ல யாவாரம், ஏனென்றால் வெள்ளிக்கிழமை வீடுகளில் மரக்கறிச் சாப்பாடு. நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாளும் நல்லம். கத்தோலிக்க ஆக்களின் தவக்காலமும் உதவி. சோதனைக்காலம் வந்தால் வல்லாரை முதல் முடியும், ஞாபகசக்திக்காம். 'நீங்களும் சாப்பிட்டிருந்தா இப்ப நல்லா வந்திருப்பியள்' என்று ஆச்சி எங்களைப் பார்த்துச் சொன்னா. மழை நாள் மோசம். கலியாண முகூர்த்த நாள் அதைவிட மோசம், சனம் எல்லாம் மண்டபத்தில் சாப்பிடும். அம்மாவிட்ட ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது, அதில் ராகுகாலம் பார்க்கிறதில்லை, கீரைக்கு எந்த நாள் என்று பார்க்கிறா.

எட்டரை மணிக்குப் பிறகு சனம் கூடினது. வருசத்துக்குச் சாமான் வாங்க வந்த கூட்டம். வாழையிலைக்கு அடிபட்டார்கள். மாங்காய், தேசிக்காய், இளநீர், பூசைக்கு வெற்றிலை பாக்கு. கறுத்தக்கொழும்பானுக்குக் காலம் இன்னும் வரவில்லை, ஆனாலும் ஒருவர் நாலைந்து பழத்தை வைக்கோலுக்குள் வைத்துக்கொண்டு தங்கம் விற்கிற மாதிரி இருந்தார். விலை கேட்டுவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு வந்தோம்.

அம்மா ஒருக்கா எழும்பிப் போகவேண்டியிருந்தது. கடையை விட்டிட்டுப் போக ஏலாததால் மற்ற நாளில் விடியத்தொடங்கிப் பதினொரு மணிவரைக்கும் தண்ணி குடிக்கிறதில்லையாம். மகள் கூட வந்திருக்கிற நாளில் குடிக்கலாம். பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, மகள் 'லீவு நாளில வீட்டில வேலை' என்று எங்களோடு வராமல் நின்ற நாளெல்லாம் எங்க நின்றிருக்கிறாள் என்று.

அந்தப் பதினைந்து நிமிசம் நாங்கள் வியாபாரிகள். எங்களில் ஒருத்தன் முகாமைத்துவ பீடம், சந்தைப்படுத்தல் பாடத்தில் 'ஏ' எடுத்தவன். ஓர் அம்மா வந்து, 'என்ன தம்பி, கீரை வாடிக்கிடக்கு' என்று ஒரு சொல்தான் சொன்னா. 80 ரூபாக் கட்டு, மூன்று எடுத்தால் 200. இவன் பயந்து மூன்றை 150க்குக் கொடுத்துவிட்டான். பக்கத்து ஆச்சி தலையில் கைவைச்சா. அம்மா வந்து கேட்டுவிட்டுச் சிரிச்சா. 'உவ அப்பிடித்தான் சொல்லுவா. வாடினதெண்டா வாங்குவாவே?' என்றா. ஐம்பது ரூபா நட்டத்தைத் தான் தருகிறேன் என்று இவன் காசை எடுக்க, அம்மாவுக்குக் கோபம் வந்தது. அந்த நாளில் அவவுக்குக் கோபம் வந்தது அந்த ஒருதரம்தான்.

பத்து மணியளவில் வெள்ளைச் சாரமும் சேட்டும் போட்ட ஓர் ஐயா வந்து பொன்னாங்காணியைத் தூக்கிப் பார்த்தார். நல்ல மனுசன் மாதிரித்தான் கதைச்சார். எங்களைக் கண்டுவிட்டு, படிக்கிற பிள்ளைகளோ, நல்லது நல்லது என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, 'பிள்ளை எவடம்?' என்றார். அம்மா ஊரைச் சொன்னா. 'அங்க எந்தப் பக்கம்?' ஒரு பக்கத்தைச் சொன்னா. 'அப்ப அந்தக் கோயிலுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?'

இந்த மூன்று கேள்வியையும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எல்லாரும் கேட்டிருப்போம், அல்லது எங்களிடம் கேட்டிருப்பார்கள். கேட்கிறவர் ஒருநாளும் சாதி என்ற சொல்லை எடுக்கமாட்டார். எடுக்கத் தேவையில்லை, மூன்றாவது கேள்வியோடு விடை வந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் கிழமை எங்களிடமும் கேட்டார்கள். நாங்களும் ஒருவரை ஒருவர் கேட்டோம். ஊர் விசாரிக்கிறது அன்பு என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள், பாதிநேரம் அது அன்புதான், அதுதான் கரைச்சல். நாங்கள் மூன்று பேரும் நிலத்தைப் பார்த்தோம். அவள் மட்டும் அந்த ஐயாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தண்ணிப் போத்தலை எடுத்து ஒருக்காத் தெளித்துவிட்டு, 'கோயிலுக்குத் தூரம் ஐயா. சந்தைக்குக் கிட்ட' என்றா.

ஆச்சி வாய்விட்டுச் சிரிச்சா. ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அல்லது வந்த மாதிரிக் காட்டினார். இரண்டு கட்டு வாங்கினார், பத்து ரூபா குறைக்கச் சொன்னார், அம்மா குறைக்கவில்லை. அவர் போனபிறகு, 'உவர் கிழமைக்கு ரெண்டுதரம் வாறவர், நல்ல காசுக்காரன், கடன் வைக்கிறேல்ல' என்று அம்மா சொன்னா. கேள்வியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் அதைப் பற்றிக் கோபமாகக் கதைக்கத் தொடங்கினோம், எங்களுக்குத் தெரிந்த பெரிய சொற்கள் எல்லாம் போட்டு. அவள் இடையில் மறித்து, 'பேந்து கதைப்பம், சனம் நிக்குது' என்றாள். உண்மையாகவே சனம் நின்றது.

மத்தியானம் சந்தை சுருங்கும். கூரைத்தகரம் காய்ந்து உள்ளே போறணை மாதிரி இருக்க, வெளியே இருக்கிற ஆக்கள் குடையை நகர்த்தி நகர்த்தி வெயிலோடு சண்டை பிடிக்கிற நேரம். பிளேன்ரீயும் உழுந்துவடையும் வாங்கிவந்து சுத்தி இருந்தோம். ஆச்சி கதை சொன்னா. அவ முப்பது வருசத்துக்கு மேலாகச் சந்தையில இருக்கிறா. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுக்க ஓர் இரவில் வெளிக்கிட்டபோது, அவ கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவவாம். உள்ளே உடுப்பு இல்லை, விற்காத மரவள்ளிக்கிழங்கு. 'நாவற்குழிக்கு அங்கால போய் அதைத்தான் அவிச்சுத் திண்டனாங்கள்.' 2006 ஓகஸ்ற்றில் ஏ-9 பாதை பூட்டின காலத்தையும் சொன்னா. லொறி வராது. சீனிக்கு வரிசை, அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. 'கீரைக்கு வரிசை இல்லை மோனை. கோவா, கரட் எல்லாம் மறந்துபோன சனம் எங்கட கீரையைத்தான் திண்டது. அப்ப ஒருத்தரும் எவடம் எண்டு கேக்கேல்ல.'

கடைசி வசனத்தை அவ எங்களுக்காகச் சொன்னாவோ என்னவோ.

2021இல் இரசாயன உரம் வரமாட்டாது என்று ஒரே இரவில் சொன்னதையும், அடுத்த வருசம் தண்ணி இறைக்கிற மோட்டருக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டம் காய்ந்ததையும் அம்மா சொன்னா. ஆனால் அதைக் கஷ்டக்கதையாகச் சொல்லவில்லை. கீரைக்கட்டு எவ்வளவு மெலிஞ்சு போச்சு என்று விரலைச் சேர்த்துக் காட்டினா. 'அந்தக் கட்டை அந்த விலைக்கு விக்க எனக்கே வெக்கம்' என்றா. அந்த வருசம் நாங்கள் ஏ.எல். படித்துக்கொண்டு, பாணுக்கு வரிசையில் நின்றதை இன்னும் பெரிய கதையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

படம்? கமரா பைக்குள்ளேயே கிடந்தது. பட்டியலில் இருந்த எல்லாம் அங்கே இருந்தது. வயசான கைகள், தராசு, வெயில் விழுகிற இடம், சிரிக்கிற ஆச்சி. எடுக்க ஒருமாதிரி இருந்தது. கடைசியில் அம்மாதான் கேட்டா, 'படமெடுக்கவெல்லோ வந்தனீங்கள்?' என்று. எடுப்பமோ அம்மா என்று கேட்க, குனிந்து தன்ர சட்டையைப் பார்த்துவிட்டு, 'இண்டைக்கு வேண்டாம். வருசத்தண்டைக்கு வீட்ட வாங்கோ, சீலை கட்டிக்கொண்டு நிக்கிறன்' என்றா. இந்தக் கட்டுரை படமில்லாமல் வருகிறதற்குக் காரணம் அதுதான். சீலையோடு எடுத்த படம் இருக்கிறது, அது அவர்களின் வீட்டில் இருக்கிறது.

இரண்டு மணிக்கு மிச்சம் ஐந்து கட்டு. அதற்கு மேல் வாடும், வைக்கிறதில் பயனில்லை. ஆட்டுக்குக் கொண்டுபோகிறது வழக்கமாம், அன்றைக்கு எங்களுக்குத் தந்தா. சொப்பிங் பாக்கில் இருந்த காசைக் கொட்டி எண்ணத் தொடங்கினோம். முகாமைத்துவக்காரன் போனில் குறித்துக்கொண்டு வந்தான், முதல் இழந்த மரியாதையை எடுக்கவேணுமே. 62 கட்டு 80 ரூபாப்படி 4,960. மூன்று 200 என்று எட்டுத்தரம், 1,600. அவன் கொடுத்த மூன்றும் கடைசி நேரத்தில் ஐம்பதுக்கு விட்ட ஆறும் 450. எல்லாம் சேர்த்து 7,010. தோட்டத்துக்குக் கட்டுக்கு 40 படி 4,000. சந்தை வரித் துண்டு 100. ஓட்டோப் பங்கு போகவர 300. தேத்தண்ணி, வடை என்று அம்மா எங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது 160. நாங்கள் தடுக்கத் தடுக்கக் கொடுத்தது அது.

மிச்சம் 2,450 ரூபா.

விடிய நாலு மணியிலிருந்து பின்னேரம் இரண்டரை மட்டும் என்றால் பத்தரை மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 233 ரூபா என்று அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். சொன்னபிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. அம்மா அதைக் கேட்டு, 'இண்டைக்குத் திறம், வருசத்துக்கு முதல் எண்டபடியா' என்றா. சாதாரண நாளில் இதில் பாதி வந்தாலே போதுமாம். ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறா, மகள் ஓ.எல். படிக்கேக்க மிச்சம்விட்ட கொப்பி. முன்பக்கம் விஞ்ஞானக் குறிப்பு, தாவரக் கலத்தின் படம் எல்லாம் கலர் அடித்து. பின்பக்கத்திலிருந்து அம்மாவின் கணக்கு. இரண்டும் நடுவில் சந்திக்க இன்னும் ஏழெட்டுத் தாள்தான் இருந்தது.

எங்களில் ஒருத்தி அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாளுக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு 'ப' போட்டிருந்தது. என்னவென்று கேட்டோம். பல்கலைக்கழகமாம். பீடச் சுற்றுலாவுக்குக் கொடுத்த நாள், போட்டோக்கொப்பிக்குக் கொடுத்த நாள், எங்களில் ஒருவரின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கக் காசு சேர்த்த நாள். அந்தக் கேக்கைச் சாப்பிட்டவர்கள் நாங்கள்தான். இந்த இடத்தை அவள் வெட்டச் சொன்னாள். இதை மட்டும் வெட்டமாட்டோம் என்று மன்றாடி வைத்துக்கொண்டோம்.

உரபாக்கை உதறி மடிக்க உதவினோம். நிலத்தில் ஈரமாக ஒரு சதுரம் இருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வெயில் அதைக் குடித்துவிட்டது. ஓட்டோவில் ஐந்து பேரும் ஆச்சியின்ர கடகமும் ஏற, அவள் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பல்கலைக்கழகப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நாங்கள் சந்தியில் நின்றோம். 'பேந்து கதைப்பம்' என்றது ஞாபகம் இருந்தது, அவளும் மறக்கவில்லை. இரவு பதினொரு மணிவரைக்கும் குழுவில் கதைத்தோம். அந்த ஐயாவைப் பற்றி இல்லை. முதலாம் வருசத்தில் எங்களில் ஆர் அவளிடம் அந்த மூன்று கேள்வியையும் கேட்டது என்பதைப் பற்றி. கேட்டது ஆரென்று இங்கே எழுதலாம், எழுதுகிற இந்தக் கைக்கு அது நல்லாத் தெரியும்.

ஐந்து கட்டையும் அறையில் வைத்து ஆய்ந்தோம். ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது, தண்டு எதுவரைக்கும் எடுக்கிறது, எதை எறிகிறது என்று. வீட்டுக்குப் போன் எடுத்துக் கேட்டோம். 'எங்கால கீரை?' என்று ஒரு அம்மா கேட்டா. சந்தையால, எங்கட சிநேகிதியின்ர அம்மா தந்தவ என்று சொன்னோம்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அவ எவடம்?' என்றா.

அடுத்த நாள் யாவாரம் இன்னும் கூட இருக்கும் என்று அம்மா நூற்றைம்பது கட்டுக்குச் சொல்லி வைத்திருந்தா. நாங்கள் மூன்று பேரும் எட்டுமணி மட்டும் நித்திரை. அவள் விடிய நாலு மணிக்குப் போயிருந்தாள்.